சராசரி பிறந்த கதை: ஒரு மதில், ஒரு கப்பல், பதினாறு கால்கள், ஒரு மாடு

பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் புள்ளியியல் பாடத்தைத் திறந்தால் கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு என்று மூன்று பேர் வரிசையாக நிற்பார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி அடுத்தடுத்து அறிமுகம். ஆளுக்கு ஒரு சூத்திரம், ஆளுக்கு ரெண்டு எடுத்துக்காட்டு, கடைசியில் ஒரு பயிற்சி. பசங்களும் கடகடன்னு போட்டுவிடுவார்கள். "சரிப்பா, இந்த மூணுல எதை எப்போ எடுக்கணும்?" என்று கேட்டால்தான் வண்டி நின்றுவிடும். "கேள்வியில எதைக் கேட்டிருக்காங்களோ அதை" என்பார்கள். பரீட்சைக்கு அது சரியான பதில்தான்.

நான் வேலை நாட்களில் சாஃப்ட்வேர் ஆசாமி. சனிக்கிழமைகளில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரில் ஆரம்பித்து, இப்போது இருபது பேருக்கு மேல் உட்காரும் ஒரு சின்ன கணக்குக் கூட்டம் நடத்துகிறேன். புள்ளியியலை எப்படிப் போரடிக்காமல் சொல்வது என்று தேடியபோதுதான் தெரிந்தது, இந்த மூன்று பேரும் ஒரே வீட்டில் பிறந்தவர்களே இல்லை. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் நூற்றாண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய உயிரோ, பணமோ, நிலமோ மாட்டிக்கொண்டிருந்தது. சூத்திரம் அப்புறமாக வந்தது, பிரச்னைதான் முதலில் வந்தது.

அதனால் எங்கள் கூட்டத்தில் வரிசையை மாற்றிவிட்டோம். முதலில் கதை, அப்புறம் விளையாட்டு, அப்புறம் சண்டை, கடைசியில் சூத்திரம். அந்தக் கதைகளையும் விளையாட்டுகளையும் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும் :-)

1. மதில்

கிமு 429. கிரேக்க நாட்டில் பெலோப்பனேசியப் போர் நடந்துகொண்டிருக்கிறது. பிளாட்டேயா என்ற சின்ன நகரம் ஏதென்ஸ் பக்கம். ஸ்பார்ட்டாக்காரர்களும் அவர்கள் கூட்டாளிகளும் வந்து ஊரைச் சுற்றி ஒரு முற்றுகைச் சுவரையே கட்டிவிட்டார்கள். உள்ளே தானியம் தீர்ந்துகொண்டே வருகிறது. வெளியிலிருந்து உதவி வரும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது.

கிமு 428-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் உள்ளே இருந்தவர்களில் சிலர் தப்பிக்கத் திட்டம் போட்டார்கள். எதிரியின் சுவர் மேல் ஏணி போட்டு ஏறித் தாண்ட வேண்டும். ஆனால் ஏணி எவ்வளவு நீளம்? சுவர்கிட்ட போய் அளக்கவா முடியும்? குட்டையாகப் போனால் ஏற முடியாது. ரொம்ப நீளமாகப் போனால் ஏணி சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

சுவரில் ஓரிடத்தில் பூச்சு சரியாக இல்லாமல் செங்கல் வரிசைகள் தெரிந்தன. தூரமும் அதிகமில்லை. பல பேர் ஒரே நேரத்தில் அந்த வரிசைகளை எண்ணினார்கள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. சிலர் தப்பாக எண்ணலாம், ஆனால் பெரும்பாலானவர்கள் சரியான எண்ணைத்தான் தொடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. வந்த எண்ணை ஒரு செங்கல்லின் உயரத்தால் பெருக்கினார்கள், ஏணி ரெடி. இதை எழுதி வைத்தவர் அதே காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ்.

காற்றும் மழையுமாக இருந்த, நிலா இல்லாத ஒரு ராத்திரியில் கிளம்பினார்கள். சேற்றில் வழுக்காமல் இருக்க இடது காலில் மட்டும் செருப்பு. 212 பேர் ஏதென்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். மறு வருஷம் நகரம் சரணடைந்தபோது, உள்ளேயே தங்கிவிட்டவர்களில் 200 பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டார்கள்.

அவர்கள் எடுத்தது என்ன? அதிகம் பேர் சொன்ன எண். அதுதான் நம்ம பாடப் புத்தகத்து முகடு.

விளையாட்டு: பூசாத செங்கல் சுவர் கிடைத்தால் உத்தமம். கிடைக்காவிட்டால் எதிர் பில்டிங் ஜன்னல் கம்பிகள், இல்லை அடுக்கி வைத்த நோட்டுப் புத்தகங்கள். இருபது அடி தள்ளி நின்று எண்ணச் சொல்லுங்கள். பேசக்கூடாது, விரல் நீட்டக்கூடாது, சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். பிறகு சீட்டுகளைப் பலகையில் கோடு போட்டுக் கணக்கெடுங்கள்.

உதாரணத்துக்குப் பத்து சீட்டு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 27, 27, 26, 27, 28, 27, 26, 27, 27, 17. கடைசிப் பையன் நடுவில் எங்கேயோ ஒரு பத்தைத் தொலைத்துவிட்டான். எல்லாவற்றையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் 25.9 வருகிறது. "இந்த எண்ணை வெச்சு ஏணி செஞ்சா என்ன ஆகும்?" என்று கேளுங்கள். ஒரு செங்கல் குறையும், ராத்திரி மழையில் சுவர் விளிம்பு கைக்கு எட்டாது. 27 என்று ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள், அதை எடுத்தால் பிழைத்தோம். சூத்திரத்தைக் காட்டாமலேயே முகடு எதற்கு என்று பசங்களுக்குப் புரிந்துவிடும். இருபத்தைந்தே முக்கால் சொச்சம் வரிசை உள்ள சுவர் உலகத்தில் கிடையாது என்பதும் புரியும்.

2. கப்பல்

ஆங்கிலத்தில் சராசரிக்குச் சொல்லும் 'ஆவரேஜ்' கணக்கு வகுப்பில் பிறந்த வார்த்தை இல்லை, துறைமுகத்தில் பிறந்தது. அரபியில் 'அவார்' என்றால் சேதம், பழுது. மத்திய தரைக்கடல் வணிகர்கள் வாயில் அது 'அவாரியா' ஆனது, பிரெஞ்சில் 'அவாரி' ஆனது. கடலில் சரக்குக்கு ஏற்படும் சேதம், பிறகு அந்தச் சேதத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வது என்று அர்த்தம் நகர்ந்து, கடைசியில்தான் கணக்குக்கு வந்தது.

பழக்கம் வார்த்தையைவிடப் பழசு. புயலில் கப்பல் மூழ்கப் போகிறது, பாரத்தைக் குறைக்கக் கேப்டன் ஒரு வியாபாரியின் சரக்கைக் கடலில் தள்ளுகிறார். கப்பல் பிழைத்தது, மற்றவர்கள் சரக்கும் பிழைத்தது. போனது ஒருத்தருடையது மட்டும். நியாயமா? ரோட்ஸ் தீவின் கடல் சட்டம் என்ற பெயரில், எல்லாருக்காகவும் போன சரக்கை எல்லாரும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும் என்ற விதி ரோமானியர்களிடம் இருந்தது. கிபி 533-இல் ஜஸ்டினியன் பேரரசர் தொகுக்கச் செய்த சட்டத் தொகுப்பில் அது இருக்கிறது.

பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி ஆறு நாள் உலக வியாபாரத்தையே நிறுத்தி வைத்ததே எவர் கிவன் கப்பல், அதன் முதலாளிகள் அதற்குப் பிறகு அறிவித்தது இதே 'ஜெனரல் ஆவரேஜ்'தான். கப்பலை மீட்ட செலவில் சரக்கு வைத்திருந்த எல்லாருக்கும் பங்கு என்று அர்த்தம்.

விளையாட்டு: நாலு பேரைக் கப்பலில் ஏற்றுங்கள். சரக்கு, கடலை மிட்டாய். ஒருவரிடம் 10, அடுத்தவரிடம் 20, 30, 40. மொத்தம் 100. புயல் வருகிறது (ஒரு பையனை ஊதச் சொல்லுங்கள், ஆசையாகச் செய்வான்). கேப்டன் 40 வைத்திருப்பவரிடமிருந்து 20-ஐக் கடலில் போடுகிறார், அதாவது ஆசிரியர் எடுத்துவைத்துக்கொள்கிறார். கரை சேர்ந்தாயிற்று. இப்போது நஷ்டத்தை எப்படிப் பங்கு போடுவது?

முதலில் யாராவது "ஆளுக்கு அஞ்சு" என்பார்கள். 10 மிட்டாய்க்காரர் குதிப்பார், என்கிட்ட பாதி போயிடுமே! 40 மிட்டாய்க்காரருக்கு எட்டில் ஒரு பங்குதானே போகிறது? சண்டையை நடக்க விடுங்கள், நடுவில் புகாதீர்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது, நூறில் இருபது போச்சு, அதாவது அஞ்சில் ஒண்ணு, ஆகவே எல்லாரும் அவரவர் சரக்கில் அஞ்சில் ஒண்ணு கொடுக்கட்டும் என்பார்கள். 2, 4, 6, 8. முதல் மூன்று பேர் கொடுத்த 12-ஐ நஷ்டப்பட்டவர் வாங்கிக்கொண்டால் அவரிடம் 32. கடல் சட்டமும் இதைத்தான் சொல்கிறது, சரக்கின் மதிப்புக்கு ஏற்ற பங்கு. எடையிட்ட சராசரி என்ற பயங்கரமான பெயர் பின்னாளில் வரும்போது பிள்ளைகள் பயப்படமாட்டார்கள்.

நம் பக்கத்தில் இதே எண்ணம் கடலில் இல்லாமல் மண்ணில் வந்தது. குழி தோண்டுபவருக்கு கன அளவை வைத்துக் கூலி தர வேண்டும், ஆனால் எந்தக் குழியும் சதுரமாக இருக்காது. பாஸ்கராச்சாரியார் 1150-இல் எழுதிய லீலாவதியில் ஒரு கணக்கு: குழியின் நீளம் மூன்று இடங்களில் 10, 11, 12 முழம், அகலம் 6, 5, 7, ஆழம் 2, 4, 3. ஒவ்வொன்றுக்கும் சராசரி எடுத்தால் 11, 6, 3. பெருக்கினால் 198 கன முழம். அவருக்கு முன்னால் 628-இல் பிரம்மகுப்தரும், 850 வாக்கில் கன்னட நாட்டு ஜைனக் கணிதர் மகாவீரரும் இதே வழியைச் சொல்லியிருக்கிறார்கள். மகாவீரர் வைத்த பெயர் சமீகரணம், அதாவது சமமாக்குவது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு நிரவுகிற வேலை. கூட்டுச் சராசரிக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 'சராசரி' என்ற நம்ம வார்த்தை பாரசீக வழி. 'சராசர்' என்றால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. மராத்தியிலும் ஆவரேஜுக்கு சராசரிதான்.

1545-இல் லீலாவதிக்கு உரை எழுதிய கணேச தைவக்ஞர் ஒரு படி மேலே போனார். எவ்வளவு அதிக இடங்களில் அளக்கிறோமோ, அவ்வளவுக்குக் கணக்கு உண்மையை நெருங்கும் என்கிறார். இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், அடுத்த விளையாட்டுக்கு வேண்டும்.

3. பதினாறு கால்கள்

பூக்கார அக்காவிடம் முழம் போடச் சொல்லும்போது அவருடைய கை நீளமா குட்டையா என்று ஓரக்கண்ணால் பார்க்காதவர் யார்? உடம்பால் அளக்கிற எல்லா ஊரிலும் இந்தத் தகராறு உண்டு. பூவுக்குப் பரவாயில்லை, நிலத்துக்கு?

ஜெர்மனியில் ஒப்பன்ஹைம் ஊரின் நகர எழுத்தர் யாகோப் கோபெல் (1462–1533) நில அளவை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் இறந்த பிறகு 1530-களில் அது அச்சானது. அதில் சொன்ன வழி இது: ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச்சிலிருந்து ஆட்கள் வெளியே வரும்போது வாசலில் நின்று பதினாறு ஆண்களை நிறுத்து. நெட்டையோ குட்டையோ, வருகிற வரிசையில் எடு. ஒருவர் பாதத்தின் பின்னால் இன்னொருவர் பாதம் ஒட்டியிருக்கும்படி இடது காலை வைக்கச் சொல். மொத்த நீளம்தான் ஊருக்குச் சரியான, சட்டப்படியான கோல். அதைப் பதினாறாகப் பிரித்தால் ஒரு அடி. புத்தகத்தில் பதினாறு பேரும் வரிசையாக நிற்கிற மரச்செதுக்குப் படமே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த 'வருகிற வரிசையில்'தான். ஊர்ப் பெரிய மனிதரின் காலையோ ராஜாவின் காலையோ எடுக்கவில்லை. உயரமான பதினாறு பேரைப் பொறுக்கவும் இல்லை. மாதிரி எடுப்பது என்று இன்று பெரிய புத்தகங்களில் சொல்கிற விஷயத்தின் சாரம் அந்தச் சர்ச் வாசலில் இருக்கிறது.

விளையாட்டு: ஒரு நீளமான கயிறு, பதினாறு பிள்ளைகள். வாசல் வழியாக வருகிற வரிசையில் நிறுத்துங்கள், கால்களை ஒட்டி வைத்துக் கயிற்றால் அளந்து வெட்டுங்கள். இப்போது வகுத்தல் தேவையே இல்லை, கயிற்றைச் சரிபாதியாக நாலு தடவை மடித்தால் பதினாறில் ஒரு பங்கு கையில் வந்துவிடும். கைக்குள்ளே சராசரி!

அதோடு நிறுத்தாதீர்கள். பிள்ளைகளைக் கலைத்துவிட்டுத் திரும்ப வரச் சொல்லி இன்னொரு பதினாறு பேரை எடுத்து இன்னொரு கயிறு. பிறகு நாலே பேரை எடுத்துச் சில கயிறுகள் (இதற்கு ரெண்டு மடிப்பு). எல்லாத் துண்டுகளையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். தனித்தனிப் பாதங்கள் எக்கச்சக்கமாக வித்தியாசப்படும். நாலு பேர் துண்டுகளும் கொஞ்சம் ஆடும். பதினாறு பேர் துண்டுகள் அநேகமாக ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கும். கணேச தைவக்ஞர் சொன்னது சுவரில் தொங்குகிறது.

4. மாடு

1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஒரு கால்நடைக் கண்காட்சி. கொழுத்த காளை ஒன்றை நிறுத்தி வைத்து, இதை வெட்டிச் சுத்தம் செய்தால் இறைச்சி எவ்வளவு எடை நிற்கும் என்று போட்டி. ஆறு பென்ஸ் கொடுத்துச் சீட்டு வாங்கி எழுதிப் போட வேண்டும். சுமார் 800 பேர் எழுதினார்கள். கசாப்புக்காரர்களும் விவசாயிகளும் இருந்தார்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள்.

அந்தச் சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் போனவர் பிரான்சிஸ் கால்டன். அப்போது வயது 84. நல்ல மனிதர் என்று நான் சான்றிதழ் தர மாட்டேன். 1883-இல் 'யூஜெனிக்ஸ்' என்ற வார்த்தையை உருவாக்கியவரே அவர்தான். உயர்ந்த மனிதர், தாழ்ந்த மனிதர் என்று பிரித்து இனத்தை மேம்படுத்தலாம் என்ற அந்தச் சிந்தனை இருபதாம் நூற்றாண்டில் செய்த அநியாயம் கொஞ்சநஞ்சமில்லை. அப்படிப்பட்டவருக்குச் சாமானிய ஜனங்களின் ஓட்டு எவ்வளவு தேறும் என்று பார்க்க ஆசை.

படிக்க முடியாத சீட்டுகளைக் கழித்தால் 787. சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கி நட்டநடு மதிப்பை எடுத்தார், 1207 பவுண்டு. காளையின் இறைச்சி நின்றது 1198 பவுண்டு, சுமார் 543 கிலோ. ஒரு சதவீதம்கூடப் பிழை இல்லை. மக்கள் தீர்ப்பு எதிர்பார்த்ததைவிட நம்பகமானது என்று 1907-இல் நேச்சர் இதழில் அவரே எழுத வேண்டியதாயிற்று. கூட்டுச் சராசரி என்ன வந்தது என்று கேள்வி வந்தபோது அதையும் போட்டுச் சொன்னார், 1197. ஒரே ஒரு பவுண்டு வித்தியாசம்!

அப்படியானால் அவர் முதலில் ஏன் நடு மதிப்பை எடுத்தார்? ஓட்டு என்று யோசித்ததால்தான். கூட்டி வகுத்தால், எவனாவது ஒரு விளையாட்டுப் பிள்ளை பத்து லட்சம் என்று எழுதி மொத்த ஊரின் விடையையும் இழுத்துக்கொண்டு போய்விடலாம். நடு மதிப்பில் அந்த வித்தை பலிக்காது. அவன் எவ்வளவு பெரிய எண் எழுதினாலும் அது ஒரு சீட்டுதான், ஒரு ஓட்டுதான்.

விளையாட்டு: மாட்டுக்கு எங்கே போவது, ஒரு கண்ணாடி பாட்டிலில் புளியங்கொட்டை போதும். எண்ணிப் போட்டு வையுங்கள். எல்லாரும் தனித்தனியாகச் சீட்டில் எழுத வேண்டும், பக்கத்துச் சீட்டைப் பார்த்தால் ஆட்டம் அவுட். பிறகு எழுதிய எண் வரிசையில் எல்லாரையும் நிற்க வைத்து, ரெண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவராக உட்காரச் சொல்லுங்கள். கடைசியில் நிற்பவர்தான் இடைநிலை அளவு. (இரட்டைப் படையில் ரெண்டு பேர் நிற்பார்கள், நடுவில் பாதி.) அதே சீட்டுகளுக்குக் கூட்டுச் சராசரியும் போடுங்கள். பிறகு ஒரு போக்கிரிச் சீட்டைச் சேர்த்துத் திரும்பப் போடுங்கள். ஒன்று எங்கேயோ பறக்கும், இன்னொன்று அசையாது.

ஜாக் டிரெய்னர் என்ற நிதித்துறைப் பேராசிரியர் 1980-களில் வகுப்பில் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. பாட்டிலில் 850 மிட்டாய், ஊகித்தவர்கள் 56 பேர், ஊகங்களின் சராசரி 871. அந்த 871-ஐவிடக் கிட்டத்தில் போனவர் 56 பேரில் ஒருவர்தான். இரண்டாவது சுற்றில் எல்லாரையும் சத்தமாகச் சொல்ல விட்டுப் பாருங்கள். முதலில் பேசுகிறவர் பின்னாலேயே எல்லாரும் போவார்கள். சொந்தமாக யோசித்த சீட்டுகள்தான் ஒன்றின் பிழையை ஒன்று அடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

5. இல்லாத மனிதன்

இதுவரை வந்த கதைகளைத் திரும்பிப் பாருங்கள். மதில் நிஜம், அதற்கு ஒரு சரியான எண் இருந்தது, பல பேர் எண்ணி அதைத் தேடினார்கள். மாடும் நிஜம், அதற்கும் ஒரு எடை இருந்தது. கப்பலில் தேடவில்லை, பகிர்ந்தார்கள். சர்ச் வாசலில் தேடவுமில்லை, பகிரவுமில்லை, 'இதுதான் அடி' என்று ஒப்புக்கொண்டார்கள். மூன்றிலும் அந்த எண்ணுக்கு ஒரு வேலை இருந்தது.

அடுத்த ஆள்தான் சிக்கலைக் கொண்டுவந்தார். அடோல்ஃப் கெட்லே, பெல்ஜியம் நாட்டு வானியலாளர். வானியலில் ஒரே நட்சத்திரத்தைப் பல தடவை அளந்து சராசரி எடுப்பார்கள். அங்கே நட்சத்திரம் ஒன்றுதான், வித்தியாசமெல்லாம் அளப்பவரின் பிழை. கெட்லே அதே கருவியை மனிதர்கள் மேல் திருப்பினார். 1835-இல் 'சராசரி மனிதன்' என்ற கருத்தை முன்வைத்தார். 1846-இல் 5,738 ஸ்காட்லாந்து சிப்பாய்களின் மார்புச் சுற்றளவை எடுத்து, நட்சத்திர அளவுகளின் பிழை எப்படிப் பரவுமோ அதே மணி வடிவத்தில் இதுவும் பரவுகிறது என்று காட்டினார். அதுவரை சரி, அழகான கண்டுபிடிப்பு. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. சராசரி மனிதன்தான் இயற்கை வரைந்த அசல், நாமெல்லாம் அதிலிருந்து விலகிய பிழைகள் என்கிற தொனியில் போய்விட்டார். (இன்று டாக்டர்கள் சொல்கிற பிஎம்ஐ கணக்கும் கெட்லே போட்டதுதான். அந்தப் பெயரை 1972-இல் ஆன்செல் கீஸ் வைத்தார்.)

மதிலுக்குப் பின்னால் ஒரு மதில் இருந்தது. சிப்பாய்களுக்குப் பின்னால் அப்படி ஒரு அசல் சிப்பாய் எங்கே இருக்கிறான்?

இந்தக் கேள்விக்கு விடை 1950-இல் அமெரிக்க விமானப் படையில் கிடைத்தது. விமானிகளின் சராசரி அளவுக்கு ஏற்ப காக்பிட் செய்து வந்தார்கள், 1926-இல் எடுத்த அளவுகள். விபத்துகள் கூடியபோது, விமானிகள் வளர்ந்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டு 4,063 பேரைப் புதிதாக அளந்தார்கள். அதில் இருந்த கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் லெஃப்டினன்ட் ஒரு கேள்வி கேட்டார்: உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகளிலும் சராசரியாக இருப்பவர் எத்தனை பேர்? கறாராகக்கூடப் பார்க்கவில்லை, ஒவ்வொரு அளவிலும் நடுவில் இருக்கும் 30 சதவீதத்துக்குள் வந்தால் போதும் என்றார்.

விடை: ஒருத்தர்கூட இல்லை. 4,063 பேரில் பூஜ்யம். மூன்றே அளவுகளை எடுத்தால்கூட 3.5 சதவீதத்துக்கும் குறைவு. எல்லாருக்கும் பொருந்த வேண்டும் என்று செய்த இருக்கை யாருக்குமே பொருந்தவில்லை. அதற்குப் பிறகுதான் முன்னே பின்னே நகர்த்தக்கூடிய இருக்கைகளும், மாற்றி வைக்கக்கூடிய பெடல்களும், இழுத்துக் கட்டக்கூடிய ஹெல்மெட் வார்களும் வந்தன.

விளையாட்டு: இது எங்கள் கூட்டத்தில் சூப்பர் ஹிட். எல்லாரும் தங்கள் உயரம், சாண், பாத நீளம், கை நீளம், தலைச் சுற்றளவு என்று ஐந்து அளவு எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் வரிசைப்படுத்தி நடுவில் இருக்கிற மூன்றில் ஒரு பங்குப் பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாரும் எழுந்து நிற்கவும். "உயரத்துல நடுவுல இல்லாதவங்க உட்காரு." மூன்றில் இரண்டு பங்கு உட்காரும். "சாண்ல இல்லாதவங்க உட்காரு." ஐந்தாவது அளவு வருவதற்குள் அநேகமாகத் தரையில்தான் எல்லாரும். "சார், சராசரிப் பையன் யாரு சார்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு பாடும்.

எங்கள் தொழிலிலும் இதே கதைதான். ஒரு வெப்சைட்டுக்கு நூறு பேர் வருகிறார்கள், 98 பேருக்கு 100 மில்லி செகண்டில் பக்கம் திறக்கிறது, ரெண்டு பேருக்கு 10 செகண்ட் ஆகிறது என்று வையுங்கள். சராசரி 298 மில்லி செகண்ட். ரிப்போர்ட்டில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த 298 நூறு பேரில் ஒருத்தருக்கும் நடக்கவில்லை. அதனால்தான் வரிசையில் தொண்ணூற்றொன்பதாவது ஆளுக்கு எவ்வளவு ஆச்சு என்று தனியாகப் பார்ப்போம். காத்திருந்து கடுப்பானவர் அங்கேதான் இருப்பார்.

இப்போது ரிப்போர்ட் கார்டுக்கு வருகிறேன். 'வகுப்புச் சராசரி 55' என்று ஒரு எண் வீட்டுக்கு வருகிறது. ஒன்பது பேர் 60, ஒருவர் 10 எடுத்தாலும் சராசரி 55தான். ஒன்பது பேர் சராசரிக்கு மேல்! "எல்லாரும் கிளாஸ் ஆவரேஜைத் தாண்டணும்" என்று யாராவது மேடையில் பேசினால் அது நடக்கவே முடியாத காரியம் என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. எல்லாரும் ஏறினால் சராசரியும் கூடவே ஏறும். நடு மதிப்பைப் பிடித்தாலோ, பாதிப் பேருக்கு மேல் அதைத் தாண்டவே முடியாது. கோட்டுக்குக் கீழே நிற்கிற பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் அந்தக் கோடு எப்படிப் போட்டது என்றாவது பெரியவர்கள் பார்க்கலாம்.

"அவன் ஆவரேஜ் ஸ்டூடண்ட்" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். கணக்கில் 40, தமிழில் 80 வாங்குகிற பையனும், கணக்கில் 80, தமிழில் 40 வாங்குகிற பெண்ணும் ரெண்டு பேருமே 60. ஒரே வார்த்தையில் ரெண்டு பேரையும் அமுக்கிவிடுகிறோம். மதிலின் உயரத்தைச் சொல்வது போல ஒரு பிள்ளையின் உயரத்தை ஒரு எண்ணில் சொல்ல முடியாது. உட்கார்ந்து எழுந்து விளையாடிய பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, அவர்கள் தரையில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டார்கள்.

செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் அப்பா அம்மாக்களுக்கும் ரெண்டு குறிப்பு. ஒரு நாளில் ஐந்தையும் செய்யாதீர்கள், வாரம் ஒன்று போதும். தலைச் சுற்றளவு, பாதம் என்று அளக்கும்போது எடையை மட்டும் சேர்க்காதீர்கள். கிண்டலுக்கு ஆளாகும் பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும், அதற்குப் பிறகு அது கணக்கு வகுப்புக்கே வராது. மொத்தச் செலவு ஒரு கயிறு, ஒரு பாட்டில் புளியங்கொட்டை, நூறு கடலை மிட்டாய். மிட்டாயைக் கடைசியில் பங்கு போடும்போது எந்த முறையில் போடுவது என்று அவர்களையே முடிவு செய்ய விடுங்கள். எங்கள் கூட்டத்தில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை :-)